மலையேற்றத்துக்கு முந்தைய ராத்திரி: வண்டியை எங்கே விடுவது, எங்கே படுப்பது?

மலைப்பாதையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கே செங்குத்தாக ஏறும், எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தத் திருப்பத்தில் நின்றால் படம் நன்றாக வரும் என்பது வரைக்கும் தேடினால் கிடைத்துவிடும். ஆனால் முந்தைய ராத்திரி எங்கே படுப்பது, நாம் இரண்டு மூன்று நாள் மேலே இருக்கும்போது வண்டி கீழே எங்கே நிற்கும் என்று தேடிப் பாருங்கள், அரைகுறைத் தகவல்தான் வரும். அந்த இரண்டைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டிக்கு இடம் வேறு, உங்களுக்கு இடம் வேறு. இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள், அதிலும் வண்டிக்கு முதலில்.

பாதை தொடங்கும் இடத்தில் ராத்திரி முழுக்க வண்டியை விட்டுவிட்டுப் போகலாமா?

சில இடங்களில் தாராளமாக விடலாம், சில இடங்களில் கூடவே கூடாது. பொதுவான பதில் கிடையாது, ஆனால் பதிலைக் கண்டுபிடிக்க ஒரு பொதுவான கேள்வி உண்டு: அந்த நிலம் யாருடையது? தேசியப் பூங்காவா, வனத்துறையா, ஊராட்சியா, தனியாரா என்பது தெரிந்துவிட்டால் விதி யாருடையது, யாரிடம் கேட்பது, அபராதம் யார் போடுவார்கள் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். ஒரே மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் இருப்பது ரொம்ப சகஜம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய வன நிலத்தில் தொடங்கும் பல பாதைகளில் வண்டி நிறுத்த நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் கேட்பார்கள். கொஞ்சம் தள்ளி மாநில அரசு நிலத்தில் தொடங்கும் பாதைக்கு அது செல்லாது, டிஸ்கவர் பாஸ் வேண்டும். மரங்களைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது, நுழைவில் இருக்கும் பலகையில் எந்தத் துறையின் முத்திரை இருக்கிறது என்று பார்த்தால்தான் உண்டு.

பலகையில் 'பகல் நேரத்துக்கு மட்டும்' என்று இருந்தால் அது ராத்திரி நிறுத்தக்கூடாது என்பதுதான், 'யாரும் பார்க்க மாட்டார்கள்' என்ற கணக்கெல்லாம் வேண்டாம். கேட் பூட்டும் நேரமும் போட்டிருந்தால் அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். நடந்து களைத்து ஏழரை மணிக்கு இறங்கி வரும்போது, கேட் ஏழு மணிக்கா எட்டு மணிக்கா என்று ஞாபகத்தில் இருந்து சொல்வது கஷ்டம்.

வண்டியை விடலாம் என்றால் அதற்குள்ளேயே தூங்கலாம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. பெரும்பாலான குழப்பமும் அபராதமும் இங்கேதான் வருகிறது. நிறுத்த அனுமதி ஒன்று, தங்க அனுமதி இன்னொன்று. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் பொதுவாக முகாமிடும் இடத்துக்கு வெளியே வண்டிக்குள் தூங்கவே கூடாது, நீங்கள் மேலே போயிருக்கும்போது வண்டி மட்டும் அதே இடத்தில் மூன்று நாள் அனுமதியோடு நிற்கலாம். அதே நாட்டில் தேசிய வனங்கள் வேறு மாதிரி: தடை இல்லாத பகுதிகளில், காட்டுச்சாலையை ஒட்டி டென்ட் போட்டோ வண்டிக்குள்ளோ இலவசமாகத் தங்கலாம், வழக்கமாக 14 நாள் வரை. ஆனால் அங்கேயும் பாதை தொடங்கும் இடத்தின் பார்க்கிங்கிலேயே தூங்கலாமா என்பது தனிக் கேள்விதான்.

'எங்கள் நாட்டில் எங்கே வேண்டுமானாலும் டென்ட் போடலாம்' என்று பெருமையாகச் சொல்லும் நாடுகளிலும் கவனம் தேவை. ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் நடந்து போகிறவருக்குத் திறந்தவெளியில் தங்கும் உரிமையைத் தருகிறது, மோட்டார் வண்டிக்கு அது பொருந்தாது. நார்வேயின் 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். பயிர் செய்யாத நிலத்தில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளி டென்ட் போடலாம், ஆனால் அது வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்திப் படுப்பதற்கான உரிமை ஆகாது. ஐஸ்லாந்தில் 2015-இலிருந்து, நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் முகாம் மைதானங்களுக்கு வெளியே வண்டியில் தங்க முடியாது. நியூசிலாந்தில் இதற்கென்றே 2011-இல் ஒரு சட்டம் வந்தது. கழிப்பறையோடு கூடிய, சான்றிதழ் பெற்ற வண்டியா இல்லையா என்று பார்க்கிறார்கள். ஆக, 'நிறுத்தலாமா' என்று ஒரு முறை, 'உள்ளே தூங்கலாமா' என்று இன்னொரு முறை, இரண்டு கேள்வியாகவே கேளுங்கள்.

அங்கே பலகையே இல்லையென்றால் யாரிடம் கேட்பது?

கிளம்புவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள், அங்கே போய் நின்றால் பெரும்பாலும் ஆளும் இருக்காது, சிக்னலும் இருக்காது. பூங்கா அல்லது வன அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் போதும். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். 'அங்கே பார்க்கிங் இருக்கிறதா?' என்று கேட்டால் 'இருக்கிறது' என்று வைத்துவிடுவார்கள். 'வெள்ளிக்கிழமை மாலை வந்து வண்டியை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கி ஞாயிறு மதியம் திரும்புகிறேன், இரண்டு ராத்திரி வண்டி அங்கே ஆளில்லாமல் நிற்கும், தனிச் சீட்டு எதுவும் வேண்டுமா, வேறு இடத்தில் விடச் சொல்வீர்களா?' என்று நாளையும் நேரத்தையும் போட்டுக் கேளுங்கள். சாலை திறந்திருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். மண்சரிவு, பனி, பாலம் வேலை என்று உயரமான சாலைகள் மூடிக்கிடப்பதை மேப் செயலி சில நாள் கழித்துத்தான் காட்டும்.

மேலே மலைக்குடில் (நடக்கிறவர்கள் ராத்திரி தங்கும் எளிய விடுதி) இருந்தால் குடிலை நடத்துகிறவரைக் கேளுங்கள். அவரிடம் வருகிறவர்கள் எல்லோருமே கீழே எங்கோ வண்டியை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள், அவருக்குத் தெரியாத இடுக்கு கிடையாது. நிலம் தனியாருடையது என்றால் பக்கத்து வீட்டில் நேரில் போய்க் கேட்பதுதான் முறை. கேட்டு நிறுத்திய வண்டியை அவர்களே ஒரு கண் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள், கேட்காமல் வயல் வாசலை மறித்து நிறுத்திய வண்டிக்கு என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செயலிகளில் வரும் விமர்சனங்களையும் படியுங்கள், ஆனால் தேதியைப் பார்த்துப் படியுங்கள். 'அருமையான இடம், ராத்திரி நிம்மதியாகத் தூங்கினோம்' என்று நான்கு வருடம் முன்பு ஒருவர் எழுதிவிட்டுப் போனதால்தான் இன்று அங்கே 'தங்கத் தடை' பலகை வந்திருக்கும்.

மலையேற பெர்மிட் எடுத்தாகிவிட்டது, பார்க்கிங் அதிலேயே அடங்காதா?

பல இடங்களில் அடங்காது. பெர்மிட் ஆளுக்கு, சீட்டு வண்டிக்கு. கொலராடோவின் மெரூன் பெல்ஸ் மாதிரிக் கூட்டம் அதிகமான இடங்களில், மேலே தங்கி நடக்கிறவர்கள் தங்குவதற்கு ஒரு பெர்மிட்டும், வண்டியை ராத்திரி விட இன்னொரு முன்பதிவும் எடுக்க வேண்டும். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போவதும் நடக்கும், அதனால் எது சீக்கிரம் தீருமோ அதை முதலில் எடுங்கள்.

கண்ணாடியில் மாட்டும் சீட்டில் ஒரு சின்ன விஷயம். நிறைய பேர் வந்து சேர்ந்த தேதியை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். சீட்டில் வெளியேறும் தேதிக்கு இடம் இருந்தால் அதையும் பேனாவால் அழுத்தி எழுதுங்கள், ஜெல் பேனா வேண்டாம், கண்ணாடி உள்பக்கம் வியர்த்து வழிந்தால் எழுத்து கலைந்துவிடும். எழுத்து வெளியே தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தீர்களா என்று இறங்கி ஒரு முறை பாருங்கள். ஒருநாள் பாஸ்தான் இருக்கிறது, மூன்று நாள் வண்டி நிற்கப் போகிறது என்றால் மூன்று நாளுக்கும் கணக்கு வர வேண்டும்.

பெர்மிட்டோடு சேர்ந்து வரும் சலுகைகளையும் பாருங்கள், பலர் கவனிப்பதே இல்லை. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் மேலே தங்கி நடக்கும் பெர்மிட் வைத்திருப்பவர்கள் நடைக்கு முந்தைய ராத்திரியும் முடித்த ராத்திரியும் அவர்களுக்கென்று இருக்கும் தனி முகாம் மைதானத்தில் தங்கலாம். வழக்கமான முகாம் மைதானத்தில் இடம் கிடைக்காமல் அலைகிறவர்களில் சிலர் கையில் அந்த பெர்மிட்டை வைத்துக்கொண்டேதான் அலைகிறார்கள்.

எத்தனை மணிக்குப் போனால் இடம் கிடைக்கும்? நிரம்பியிருந்தால் என்ன செய்வது?

பிரபலமான பாதை என்றால் சனிக்கிழமை விடியும்போதே நிரம்பிவிடும். ஒரு சூட்சுமம்: வண்டி ராத்திரி நிற்க அனுமதி இருக்கும் இடங்களில் முந்தைய நாள் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள் போங்கள். அன்று காலை ஏறியவர்கள் இறங்கி வந்து கிளம்பும் நேரம் அது. வார நாளில் போக முடிந்தால் இந்தக் கேள்வியே எழாது.

நிரம்பியிருந்தால் சாலையோரத்தில் சொருகிவிட்டுப் போகாதீர்கள். ஆம்புலன்ஸோ மீட்பு வண்டியோ திரும்ப முடியாமல் போகும் என்பது ஒன்று. வேனிலில் காய்ந்த புல்மேல் நிறுத்தினால் சூடான புகைக்குழாய் பட்டு தீப்பிடிக்கும் என்பது இன்னொன்று, இது அடிக்கடி நடக்கும் விஷயம்தான். இரண்டாவது இடம் எது, மூன்றாவது எது என்று வீட்டிலேயே முடிவு செய்து வையுங்கள். பக்கத்துப் பாதையின் பார்க்கிங்கில் விட்டு நாலு கிலோமீட்டர் கூடுதலாக நடப்பது, கீழே ஊரில் விட்டு பஸ் பிடிப்பது, எதுவாக இருந்தாலும் சரி.

சொல்லப்போனால் பல மலைகளில் அடிவாரம் வரைக்கும் வண்டியே போகாது, அதுதான் நல்லதும்கூட. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குள் வெளியார் கார் போக முடியாது, 5 கிலோமீட்டர் கீழே டேஷ் என்ற ஊரில் விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும். ஜப்பானின் காமிகோச்சி பள்ளத்தாக்குக்கும் வருடம் முழுக்க சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை, சவாண்டோவிலோ ஹிராயுவிலோ விட்டு பஸ்ஸில் போக வேண்டும். நியூசிலாந்தின் டொங்காரிரோ கிராஸிங்கில் இன்னும் சுவாரசியம்: பாதை தொடங்கும் மங்காட்டெபோபோவில் சீசனில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வண்டி நிற்கக்கூடாது, நடக்கவோ ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். அங்கே விட்டுவிட்டு முழுப் பாதையும் நடக்கவே முடியாதபடி செய்திருக்கிறார்கள். இந்த மாதிரி இடங்களில் கீழே இருக்கும் பெரிய பார்க்கிங்கில் வெளிச்சம் இருக்கும், கேமரா இருக்கும், பல நாள் விட வசதி இருக்கும். வண்டியைப் பொறுத்தவரை காட்டு முனையைவிட அதுதான் பாதுகாப்பு.

தங்குவதற்கு என்னென்ன வழி இருக்கிறது?

ஊருக்குள் விடுதி, வீட்டோடு சேர்ந்த ஹோம்ஸ்டே, முகாம் மைதானம், மலைக்குடில், டென்ட், வண்டி. விடுதியையும் ஹோம்ஸ்டேயையும் எப்படிப் பிடிப்பது என்று உங்களுக்கே தெரியும், அதனால் ஒன்று மட்டும்: புக் செய்யும்போதே 'நடந்து திரும்பும் வரை வண்டியை இங்கேயே விடலாமா, போகும் முன் ராத்திரியும் திரும்பிய ராத்திரியும் உங்களிடம்தான் தங்குகிறேன்' என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், சிலர் அடிவாரம் வரை கொண்டுபோயும் விடுவார்கள். இரண்டு பிரச்சினையும் ஒரே ஃபோனில் தீர்ந்துவிடும். மேலே போட்டுக்கொள்ளத் தேவையில்லாத துணிமணியை அங்கேயே வைத்துவிட்டும் போகலாம்.

மலைக்குடில்தான் புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பம். ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்திரிய, ஜெர்மானிய, சுவிஸ் மலையேறும் சங்கங்கள் நூற்றுக்கணக்கான குடில்களை நடத்துகின்றன. தனி அறை அபூர்வம், நீளமான ஒரே மேடையில் மெத்தைகள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் படுப்பவர் யாரென்று படுக்கும்போதுதான் தெரியும். கம்பளி தருவார்கள், ஆனால் உள்ளே போட்டுக்கொள்ளும் மெல்லிய துணிப்பை நாம்தான் கொண்டுபோக வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரே நேரம், பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும், காதுக்கு அடைப்பான் கொண்டுபோங்கள், குறட்டைக்கு விதி கிடையாது. முன்பதிவு செய்துவிட்டுப் போகவில்லையென்றால் கட்டாயம் தெரிவியுங்கள். காசுக்காக மட்டும் சொல்லவில்லை, வர வேண்டியவர் வரவில்லையே என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஆள் இல்லாத பருவத்தில் பல குடில்களில் ஒரு சின்ன குளிர்கால அறையை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள், சில திறந்திருக்கும், சிலவற்றுக்குச் சங்கத்திடம் சாவி வாங்க வேண்டும்.

நார்வேயில் மலைச்சங்க உறுப்பினர்களுக்கு ஒரு பொதுச்சாவி உண்டு, ஆளில்லாத குடில்கள் பலவற்றை அதுவே திறக்கும். ஸ்காட்லாந்தில் 1965-இல் தொடங்கிய மலைக்குடில் சங்கம் ஏறக்குறைய நூறு பழைய கல்வீடுகளைப் பராமரிக்கிறது. பூட்டும் இல்லை, வாடகையும் இல்லை, முன்பதிவும் இல்லை, கூரையும் தரையும் தவிர வேறு எதுவும் இல்லை. ஜப்பானின் ஃபூஜியில் நேர் எதிர்: 2024-இலிருந்து கோடைக்காலத்தில் யோஷிதா பாதையில் கேட் போட்டு, குடிலில் இடம் பதிவு செய்யாதவர்களைப் பிற்பகலுக்கு மேல் மறுநாள் அதிகாலை 3 மணி வரை ஏறவிடுவதில்லை.

டென்ட் என்றால் நேரத்தையும் பாருங்கள். பிரான்சின் மெர்காந்தூர் பூங்காவில் மாலை 7-இலிருந்து காலை 9 வரைதான் டென்ட் நிற்கலாம், அதுவும் பூங்கா எல்லையிலிருந்து ஒரு மணி நேர நடைக்கு அப்பால். அதாவது வண்டியை விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே டென்ட் போட்டுப் படுப்பது என்ற திட்டம் அங்கே செல்லாது.

எல்லாம் நிரம்பிவிட்டது. இனி என்ன?

ரத்தாகும் இடங்களுக்குக் காத்திருங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதிக்கு முந்தைய நாளும் அந்த நாளும் இடங்கள் மளமளவென்று திரும்ப வரும், வானிலை மோசம் என்று அறிவிப்பு வந்தாலும் அப்படித்தான். அதைவிட எளிது, தேடும் வட்டத்தைப் பெரிதாக்குவது. அடிவாரத்துக்குப் பக்கத்து ஊரின் பெயரைப் போட்டு எல்லோரும் தேடுகிறார்கள்; முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கும், சுற்றுலாவுக்குப் பெயர் போகாத ஊரில் அதே ராத்திரி அறை காலியாகக் கிடக்கும். நான் என்றால் மலையின் மறுபக்கத்திலிருந்து தொடங்கும் பாதையையும் பார்ப்பேன். கூட்டம் ஒரு பக்கம்தான் இருக்கும்.

அடிவாரத்திலேயே தங்குவதா, ஊரில் தங்கி விடியற்காலையில் வண்டி ஓட்டி வருவதா?

முடிந்தால் அடிவாரம். மலைச்சாலையில் இருட்டில், தூக்கக் கலக்கத்தில், குறுக்கே விலங்கு ஓடும் நேரத்தில் ஓட்டுவதுதான் அந்தப் பயணத்திலேயே ஆபத்தான பகுதியாக இருக்கும். பிற்பகலில் இடி மின்னல் வரும் மலைகளில் மதியத்துக்குள் உச்சியைவிட்டு இறங்கியாக வேண்டும், அதற்கு அதிகாலையில் காலடி எடுத்து வைத்திருக்க வேண்டும்.

உயரமும் ஒரு காரணம். ஏறக்குறைய 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் (ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலி, குமட்டல்) வரலாம். கலிஃபோர்னியாவில் 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி மலைக்குப் பாதை தொடங்கும் விட்னி போர்ட்டலே 2,550 மீட்டர் அளவில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து நேராக வண்டியில் வந்து இறங்கி அன்றே ஏறுகிறவருக்கும், அங்கே ஒரு ராத்திரி படுத்து எழுந்து ஏறுகிறவருக்கும் வித்தியாசம் மூச்சிலேயே தெரியும். ஆனால் அடிவாரமே 3,000 மீட்டருக்கு மேல் என்றால் முதல் ராத்திரி அங்கே வேண்டாம், கொஞ்சம் கீழே தங்கி ஏறுங்கள். அந்த உயரத்துக்கு மேல் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

அனுமதி இருக்கிறது, வண்டியிலேயே தூங்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் உயிர். குளிர்கிறது என்று எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். பனி பெய்து புகைக்குழாயை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கேஸ் அடுப்பை வண்டிக்குள் பற்ற வைப்பதும் அதே கதைதான், 'டீ மட்டும்தானே' என்றாலும் வெளியே வையுங்கள்.

அப்புறம் குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதை வைத்து, ஊரில் இருக்கும் வெப்பநிலையிலிருந்து கழித்துப் பாருங்கள், எந்த ஸ்லீப்பிங் பேக் வேண்டும் என்று தெரிந்துவிடும். கீழேயிருந்து ஏறும் குளிருக்கும் ஒரு பாய் வேண்டும். ஜன்னலை இரண்டு பக்கமும் ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரமெல்லாம் கண்ணாடியில் படிந்து காலையில் தலையில் சொட்டும். தரை சாய்வாக இருந்தால் தலை மேட்டுப் பக்கம். வறண்ட ஓடைப்படுகை சமமாக, மணலாக, ஆசையாக இருக்கும்; அங்கே மட்டும் வேண்டாம், மழை மேலே எங்கோ பெய்தாலும் வெள்ளம் அந்த வழியாகத்தான் வரும்.

ஒரு சின்ன வேண்டுகோள்: மற்றவர்களும் தூங்குகிறார்கள். ரிமோட்டில் பூட்டும்போது வண்டி ஹாரன் அடிக்கும் என்றால் ராத்திரி சாவியால் பூட்டுங்கள். மூன்று மணிக்குக் கிளம்புகிறவர்கள் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் பை கட்ட வேண்டாம்.

நாள் கணக்கில் நிற்கும் வண்டியில் திருட்டு நடக்குமா?

நடக்கும். திருடர்களுக்கும் தெரியும், ராத்திரிச் சீட்டு மாட்டிய வண்டிக்காரர் உடனே திரும்பி வர மாட்டார் என்று. இறங்கியதும் தரையைப் பாருங்கள். பச்சை கலந்த சின்னச் சின்னக் கண்ணாடித் துகள்கள், கற்கண்டை உடைத்துக் கொட்டியது போல ஒரே இடத்தில் கிடந்தால் அது உடைந்த ஜன்னல். ஒரு குவியல் என்றால் யோசியுங்கள், நாலைந்து இடத்தில் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

உள்ளே எதுவும் தெரியக்கூடாது, சார்ஜர் ஒயர், சில்லறை, காலிப் பை உட்பட. டிக்கியில் மறைத்து வைப்பதாக இருந்தால் வீட்டிலேயே, அல்லது கடைசியாகப் பெட்ரோல் போட்ட இடத்திலேயே வைத்துவிடுங்கள். அடிவாரத்தில் நின்று பையை டிக்கிக்குள் மாற்றுவதை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மறைத்ததாகவே ஆகாது. வண்டிப் பதிவுச் சான்றும் வீட்டு முகவரியும் வீட்டுச் சாவியும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கரடி, எலி எல்லாம் வண்டியை என்ன செய்யும்?

கரடி கதவைப் பிய்க்கும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. யோசெமிட்டியில் இருட்டிய பிறகு வண்டிக்குள் சாப்பாட்டு வகை எதையும் வைக்கக்கூடாது என்பது விதி; பாதை தொடங்கும் இடங்களில் இரும்புப் பெட்டிகள் இருக்கும், அதில் வைக்க வேண்டும். பற்பசை, சோப்பு, லிப் பாம், குழந்தையின் சீட்டுக்கடியில் விழுந்த பிஸ்கட் தூள் எல்லாம் கரடிக்குச் சாப்பாடுதான்.

சின்ன விலங்குகள் செய்யும் சேதம் இன்னும் வினோதம். கலிஃபோர்னியாவின் செக்கோயா பூங்காவில் மினரல் கிங் என்ற இடம், அங்கே மர்மோட் என்ற பெரிய அணில் வகை வண்டிக்கடியில் ஏறி ரேடியேட்டர் குழாயையும் ஒயரையும் கடிக்கும். வேனில் தொடக்கத்தில் அங்கே போனால் வண்டிகளை அடியோடு சேர்த்துத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். மற்ற இடங்களில் எலி. நாள் கணக்கில் நின்ற வண்டி என்றால் ஸ்டார்ட் செய்யும் முன் பானட்டைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள், கீழே தண்ணீரோ எண்ணெயோ சொட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

திரும்பி வரும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போனால்?

பழைய பேட்டரிதான் முதல் சந்தேகம். குளிரில் பேட்டரியின் வலு குறையும், மைனஸ் 18 டிகிரி அளவில் ஏறக்குறைய பாதியாகிவிடும், எஞ்சினைச் சுற்றவோ வழக்கத்தைவிட அதிக வலு வேண்டும். கைக்கடக்கமான ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றை வண்டியிலேயே வையுங்கள், சுற்றிலும் வேறு வண்டியே இல்லாத இடத்தில் கேபிள் மட்டும் இருந்து பயனில்லை. உள்விளக்கு, டேஷ்கேம், நிறுத்தியிருக்கும்போது ஓடும் கண்காணிப்புக் கேமரா எல்லாம் அணைந்ததா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

உறைபனி இருந்தால் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். டீசல் வண்டி என்றால் மலைப்பகுதி பங்க்கிலேயே டீசல் போடுவது நல்லது, குளிருக்கு ஏற்ற டீசலாக இருக்கும். வண்டியின் மூக்கு வெளியே போகும் பக்கம் பார்த்து நிற்கட்டும். மின்சார வண்டிக்காரர்களுக்கு: ஏறும்போது சார்ஜ் மளமளவென்று இறங்கும், இறங்கும்போது கொஞ்சம் திரும்ப வரும், அந்தக் 'கொஞ்சத்தை' நம்பித் திட்டம் போடாதீர்கள், நின்ற நாட்களில் குளிரில் கரைந்ததையும் கணக்கில் சேருங்கள்.

ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடிக்கிறேன். வண்டியை எங்கே விடுவது?

முடிக்கும் இடத்தில். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. வண்டியை முடியும் இடத்தில் விட்டுவிட்டு, பஸ்ஸோ டாக்சியோ பிடித்துத் தொடங்கும் இடத்துக்குப் போங்கள். அப்போதுதான் உடம்பு தெம்பாக இருக்கும், காத்திருப்பது பெரிதாகத் தெரியாது. மாற்றிச் செய்தால் மூன்றாம் நாள் மாலை, கால் வலியோடு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். இரண்டு வண்டி இருந்தால் ஒன்றை முடிவில் விட்டு இன்னொன்றில் எல்லோரும் தொடக்கத்துக்குப் போகலாம். முடிவில் நிற்கும் வண்டியின் சாவி நடக்கிறவர் பையில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், தொடக்கத்தில் நிற்கும் வண்டிக்குள் அந்தச் சாவி மாட்டிக்கொள்வதுதான் இந்த ஏற்பாட்டின் பிரபலமான முடிவு.

தனியாகப் போகிறேன், திட்டத்தை எழுதி வண்டியில் வைக்க வேண்டுமா?

கண்ணாடியில் தெரிகிற மாதிரி வேண்டாம். 'வியாழக்கிழமை வருவேன்' என்று எழுதி வைப்பது திருடருக்குக் கொடுக்கும் அழைப்பு. வீட்டில் ஒருவரிடம் பாதை, திரும்பும் நேரம், வண்டி எண், வண்டி நிற்கும் இடத்தின் படம் நான்கையும் அனுப்புங்கள், 'இத்தனை மணிக்குள் ஃபோன் வராவிட்டால் இந்த எண்ணுக்குச் சொல்' என்றும் சொல்லிவிடுங்கள். பதிவேடு வைத்திருக்கும் இடமென்றால் அதில் எழுதுங்கள். ராத்திரி தனியாகத் தங்கும் இடம் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள். அதற்காகத்தான் மூக்கு வெளிப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்றேன், ஓட்டுநர் இருக்கையில் மூட்டை முடிச்சும் இருக்கக்கூடாது.

கழிப்பறை இல்லாத அடிவாரம் என்றால்?

ஊரிலேயே முடித்துவிட்டு வருவது உத்தமம். முடியாவிட்டால் தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளிப்போய் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி மூடுங்கள், தாளைப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பாறையும் உறைந்த நிலமுமாக இருக்கும் இடத்தில் எல்லாவற்றையுமே கொண்டுவர வேண்டும், அதற்கென்று பைகள் விற்கிறார்கள். பல பார்க்கிங்கில் ராத்திரித் தங்கலைத் தடை செய்ததற்கு முக்கியக் காரணமே இதுதான்.

சொன்ன நாளில் இறங்க முடியவில்லையென்றால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்களா?

ஒரே நாள் தாமதத்துக்கு வனப்பகுதிகளில் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள், சீட்டு முடிந்த வண்டி நின்றால் முதலில் 'ஆளுக்கு என்ன ஆயிற்று' என்றுதான் பார்ப்பார்கள். தனியார் பார்க்கிங்கிலும் ஊருக்குள்ளும் நிலைமை வேறு, அங்கே இழுத்துக்கொண்டு போவதும் சக்கரத்தில் பூட்டு போடுவதும் உடனே நடக்கும். அதனால் சீட்டு எடுக்கும்போதே ஒரு நாள் கூடுதலாக எடுத்துவிடுங்கள். மேலே சிக்னல் கிடைத்தால் முதல் செய்தி வீட்டுக்கு, இரண்டாவது பூங்கா அலுவலகத்துக்கு: 'நலமாக இருக்கிறேன், நாளை மதியம் இறங்குகிறேன், இந்த எண்ணுள்ள வண்டி என்னுடையது.' இந்த ஒரு வரி போகாததால் மீட்புக்குழு ராத்திரியில் மலையேறிய சம்பவங்கள் உண்டு. இறங்கியதும் வண்டியை எடுக்கும் முன் அதே இரண்டு பேருக்கும் 'வந்துவிட்டேன்' என்று சொல்லுங்கள், வண்டி பார்க்கிங்கில் இல்லை என்பதை மட்டும் வைத்து நீங்கள் பத்திரமாகத் திரும்பினீர்கள் என்று அவர்களால் முடிவு செய்ய முடியாது.